தோழியைத் தூக்கிட்டுப் போயிடுவானோன்னு பயம், என் பொண்ணு எப்படி உதவலாம்?

கேள்வி: மேடம், என் பொண்ணு கிர்கிஸ்தான்ல, பிஷ்கெக்ல எம்பிபிஎஸ் மூணாவது வருஷம் படிக்கிறா. அவளுக்கு அந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தி நல்ல ஃப்ரெண்டு. லீவுக்கு சொந்த கிராமத்துக்குப் போகவே அந்தப் பொண்ணு பயப்படுறாளாம். அங்க ஒருத்தன் ரெண்டு வருஷமா பின்னாடியே சுத்துறான், 'இந்த தடவை தூக்கிட்டுப் போயிடுவேன்'னு மெசேஜ் வேற போட்டிருக்கான். என் பொண்ணு என்ன செய்யலாம்? இதுல தலையிட்டா அவளுக்கு ஏதாவது ஆகிடுமா?

பதில்: ரெண்டாவது கேள்விக்கு முதல்ல வரேன்மா. இது பெரும்பாலும் அந்த ஊர் ஆளுங்க அந்த ஊர்ப் பொண்ணுங்களுக்குப் பண்ற கொடுமை, உங்க பொண்ணை உடனே கூப்பிட்டுக்கணும்னு பதற வேண்டாம். ஆனா அவ அந்தப் பையன்கிட்ட நேரா பேசறது, துணைக்குன்னு கிராமம் வரைக்கும் கூடப் போறது, ரெண்டும் வேண்டவே வேண்டாம். 2024 மே மாசம் பிஷ்கெக்ல ஹாஸ்டலுக்குள்ள கும்பல் புகுந்து வெளிநாட்டுப் பசங்களை அடிச்சது உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

இப்படிப் பொண்ணைத் தூக்கிட்டுப் போய்க் கல்யாணம் பண்ணிக்கிறதுக்கு அங்க பேரு 'அலா கச்சு', எடுத்துக்கிட்டு ஓடுறதுன்னு அர்த்தம். சிக்கலே அந்தப் பேர்லதான் இருக்கு. நம்ம ஊர்ல 'ஓடிப்போயிட்டாங்க'ன்னு சொல்றோம்ல, அப்படி ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு கிளம்புறதுக்கும் அதே பேரு, நாலு தடியனுங்க சேர்ந்து ஒரு பொண்ணை ரோட்டுல இருந்து கார்ல இழுத்துப் போட்டுட்டுப் போறதுக்கும் அதே பேரு. புகார் கொடுக்கப் போனா போலீஸ்காரர் 'அட கல்யாணம்தானே'ன்னு சிரிக்கிறதுக்கு இது வசதியாப் போச்சு. 2021 ஏப்ரல்ல பிஷ்கெக் நடுரோட்டுல பட்டப்பகல்ல அய்சாதா கனத்பெகோவான்னு ஒரு பொண்ணைக் கடத்தினாங்க, கேமராவுலயே பதிவாகியிருக்கு, அம்மா ஓடிப்போய் போலீஸ்கிட்ட சொன்னா 'சீக்கிரமே பொண்ணு கல்யாணத்துல ஆடுவீங்க'ன்னு கிண்டல் பண்ணாங்களாம், இது சொந்தக்காரங்க வெளியில சொன்னது. ரெண்டு நாள் கழிச்சு கார்ல பிணமாத்தான் கிடைச்சா. ஊரே தெருவுக்கு வந்துச்சு.

சட்டம் இல்லாம இல்ல. முன்னாடி அதிகபட்சம் 3 வருஷம்தான், ஆட்டைத் திருடினவனுக்கு இதைவிட அதிகம்னு பெண்கள் சண்டை போட்டு 2013-ல 7 வருஷம் வரைக்கும்னு மாத்தினாங்க, பொண்ணு 17 வயசுக்குக் கீழன்னா 10 வரைக்கும். ஆனா என்னைக் கேட்டா இதுல முக்கியமான இடம் கோர்ட் இல்ல, தூக்கிட்டுப் போன அன்னைக்கு ராத்திரிதான்.

பையன் வீட்டுக்குள்ள கொண்டு போனதும் வயசான பொம்பளைங்க சுத்தி உட்கார்ந்துக்கிட்டு தலையில வெள்ளைத் துணியைப் போடப் பார்ப்பாங்க, போட்டாச்சுன்னா சம்மதிச்ச மாதிரின்னு கணக்கு. எழுந்து போகப் பார்த்தா பாட்டி வாசப்படியில குறுக்க படுத்துக்கும், பெரியவங்களைத் தாண்டினா சாபம். கை காலைக் கட்டவே வேண்டாம், இந்த சாபமும் வெட்கமும் போதும். விடிஞ்சிட்டா 'இனிமே யாரு கட்டிப்பா'ன்னு பொண்ணைப் பெத்தவங்களே அங்கயே விட்டுடறாங்க. பையன் வீட்டு ஆளுங்க ஒரு ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு வந்து மன்னிப்பு கேப்பாங்க, பேசி முடிச்சிடுவாங்க.

அதனால அந்தப் பொண்ணு செய்ய வேண்டிய முதல் வேலை, லீவுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே அப்பா, அண்ணன், யாரு வீட்ல பேசுவாங்களோ அவங்ககிட்ட வெளிப்படையாச் சொல்றது. 'அவன் தூக்கிட்டுப் போனா எனக்கு அதுல சம்மதம் இல்ல, எந்த நேரமா இருந்தாலும் வந்து என்னைக் கூட்டிட்டு வரணும், சமாதானம் பேச வந்தா உள்ளயே விடாதீங்க'ன்னு. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா இந்தப் பேச்சை முன்னாடியே பேசாததாலதான் அந்த ராத்திரி பெத்தவங்க தடுமாறிப் போறாங்க.

அவன் போட்ட மெசேஜ் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க பொண்ணு போன்ல ஒரு காப்பி வச்சுக்கலாம், கடத்தினா மொதல்ல பிடுங்குறது போனைத்தான். அவன் பேரு, கிராமம், கார் நம்பர், கூட சுத்துற பசங்க யாரு, எல்லாத்தையும் எழுதி வச்சுக்கட்டும். லைவ் லொக்கேஷன் ரெண்டு பேருக்காவது போகட்டும். லொக்கேஷன் நின்னு போனா உங்க பொண்ணு முதல்ல அவ வீட்டுக்கு போன் பண்ணணும், அப்புறம் 102, அதுதான் அங்க போலீஸ் நம்பர். ரஷ்யன் சரளமா வராதுன்னா காலேஜ்ல ஒரு மேடத்தை வச்சுப் பேசச் சொல்லுங்க. 'கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க'ன்னு வாய் தவறிக் கூட சொல்லக்கூடாது, 'கடத்திட்டாங்க, அவளுக்கு சம்மதம் இல்ல'ன்னுதான் சொல்லணும். மொல்லாவைக் கூப்பிட்டு நிக்காஹ் ஓதிட்டாலும் அரசாங்கத்துல பதிவாகலைன்னா சட்டப்படி அது கல்யாணம் இல்ல, இதையும் அந்தப் பொண்ணு தெரிஞ்சு வச்சுக்கட்டும்.

ஒண்ணு மட்டும் ரொம்ப அழுத்திச் சொல்றேன். மீட்டுட்டாங்க, ஸ்டேஷனுக்கு வந்தாச்சு, இனி பயமில்லன்னு நினைச்சிடாதீங்க. 2018 மே மாசம் புருலாய்னு 20 வயசுப் பொண்ணு, அவளும் மெடிக்கல் ஸ்டூடண்ட்தான், போலீஸ் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து கடத்தினவனையும் அவளையும் ஒரே ரூம்ல உட்கார வச்சாங்க. அவன் அங்கயே, ஸ்டேஷனுக்குள்ளயே குத்திக் கொன்னுட்டான். எழுதும்போதே கை நடுங்குது. அதனால ஸ்டேஷன்ல வீட்டு ஆள் ஒருத்தர் கூடவே நிக்கணும், அவனைத் தனி ரூம்ல வைக்கச் சொல்லி சண்டை போட்டாவது கேக்கணும்.

பிஷ்கெக்ல செசிம்னு ஒரு க்ரைசிஸ் சென்டர் பல வருஷமா இயங்குது, கிளம்பறதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு ஒரு தடவை நேர்ல போய்ப் பேசிட்டு வந்தா நல்லது. உங்க பொண்ணுக்கே மிரட்டல் எதுவும் வந்துச்சுன்னா தாமதிக்காம அங்க இருக்கிற இந்தியத் தூதரகத்துக்கு சொல்லிடுங்க.

இப்போதைக்கு உங்க பொண்ணு கேக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், 'வீட்ல பேசிட்டியா, அப்பா என்ன சொன்னாரு?' அவர் இழுத்தாருன்னா, 'பார்க்கலாம்'னு சொன்னாருன்னா, இந்த லீவுக்கு அந்தப் பொண்ணு கிராமத்துக்கே போக வேண்டாம்மா, பிஷ்கெக்லயே இருந்துடட்டும்.