மாதில்டே வாங்கிய அடி

அன்புள்ள ஐயா,
செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் மாதில்டே என்ற சிறுகோள் கார்பன் வகையைச் சேர்ந்தது என்று படித்தேன். அப்படியானால் அங்கே வைரம் கிடைக்குமா? கிடைக்காது என்றால், இந்தக் கரிக்கட்டையைப் போய்ப் படம் எடுத்ததில் யாருக்கு என்ன லாபம்?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வைரத்தை விடுங்கள். கார்பன் வகை என்றால் முழுக்கக் கார்பன் என்று அர்த்தமில்லை, பெரும்பகுதி பாறைக் கனிமங்கள்தான். லாபக் கணக்கு எனக்கு வராது.

ஆனால் கரிக்கட்டை என்றீர்களே, அதுதான் சுருக்கென்றது. கறுப்புதான், ஒத்துக்கொள்கிறேன். மேலே விழும் வெயிலில் 4 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதன் பள்ளங்களுக்கே நிலக்கரி வயல்களின் பெயர்களைத்தான் வைத்திருக்கிறார்கள், இந்தியாவின் தாமோதரும் அதில் உண்டு. அந்தக் கறுப்பை 1885இல் வியன்னாவில் பலிசா என்ற மனிதர் தொலைநோக்கியில் வெறும் கண்ணை வைத்தே பிடித்துவிட்டார். நீங்கள் ஃபோனில் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால் வேறு கேள்வி கேட்டிருப்பீர்கள்.

1997 ஜூனில் நியர் விண்கலம் 1,212 கிலோமீட்டர் தள்ளி அதைக் கடந்து போனது. சுமார் 53 கிலோமீட்டர் உடம்பில் 33 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம், பெயர் காரூ. அது போதாதென்று இன்னும் சில பெரிய பள்ளங்கள். கெட்டிப் பாறையாக இருந்தால் இத்தனை அடிக்குச் சிதறியிருக்க வேண்டும், இல்லை, ஒரு அடியின் அதிர்ச்சியில் பழைய பள்ளங்களின் விளிம்பாவது சரிந்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. காரணம், அதன் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம், தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம். உள்ளே ஏறக்குறைய பாதி வெற்றிடம்.

சின்ன வயதில் டிவி பெட்டியில் வந்த தெர்மகோலைச் சுத்தியலால் அடித்துப் பார்த்திருக்கிறேன். சப்பென்று ஒரு சத்தம், ஒரு குழி. நாலு விரல் தள்ளி இன்னொரு அடி, புதுக் குழி விழுந்தது, பழைய குழி அப்படியே இருந்தது. அந்த உற்சாகத்தில் தரை டைல்ஸில் ஒன்று வைத்தேன், மூலைக்கு மூலை விரிசல் ஓடிவிட்டது. அப்புறம் அடி வாங்கியது நான். மாதில்டே தெர்மகோல் ஜாதி. அடி விழுந்த இடம் நசுங்கும், பக்கத்துக்குச் செய்தி போகாது. இதைப் பார்த்துவிட்டு லாபம் என்ன என்று கேட்க எப்படி ஐயா மனம் வருகிறது?

கோபித்துக்கொள்ளாதீர்கள், கேட்டதில் சந்தோஷம்தான். இன்னொன்று, அது ஒருமுறை தன்னைச் சுற்ற 17 நாளுக்கு மேல் ஆகும். கலமோ அரை மணி நேரத்துக்குள் தாண்டிப் போய்விட்டது. அதனால் மறுபக்கத்தை இதுவரை யாரும் கிட்டத்தில் பார்க்கவில்லை. வைரம் அங்கே இருந்தால் சொல்லி அனுப்புகிறேன்.