ஆட்டுப்பாலும் எட்டாம் காரணியும்

குருதி வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, திருகோணமலையைச் சேர்ந்த ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: மிஸ், என் மகனுக்கு ஹீமோபீலியா ஏ. முழங்கால் அடிக்கடி வீங்குகிறது. ஆட்டுப்பாலில் இருந்து இரத்தம் உறையும் வருத்தத்துக்கு மருந்து எடுத்திருக்கிறார்கள் என்று மாமி ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, தினமும் ஒரு தம்ளர் கொடு என்கிறா. வீட்டில் ஆடுகளும் நிற்கின்றன. இந்த வருத்தம் என் பக்கத்தால் வந்தது என்றும் சொல்கிறா. – ஒரு தாய், தம்பலகாமம்

பதில்: தங்கச்சி, பாலைக் காய்ச்சித் தாராளமாகக் கொடுங்கள். வளருகிற பிள்ளைக்கு நல்லது. ஆனால் அதை நம்பி, குருதி உறைய உதவுகிற புரதமான எட்டாம் காரணியின் ஊசியை மட்டும் தவறவிடாதீர்கள்.

மாமி பார்த்தது முழுப் பொய் இல்லை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனம், மனித மரபணு ஒன்றை ஆடுகளில் சேர்த்து, அன்டித்ரொம்பின் என்ற மனிதப் புரதம் பாலில் சுரக்கும்படி செய்தது. அந்த மருந்துக்கு ஐரோப்பாவில் 2006இலும் அமெரிக்காவில் 2009இலும் அனுமதி கிடைத்தது. ஒரு ஆடு ஒரு வருடத்தில் தருகிற அளவை மனிதக் குருதியிலிருந்து எடுக்க 90,000 குருதிக்கொடைகள் வேண்டும் என்று கணக்குச் சொன்னார்கள். கோயில் மண்டபத்தில் இரத்ததான முகாம் வைத்துவிட்டு, யாராவது வருகிறார்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அந்த எண்ணை நம்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆனால் அன்டித்ரொம்பினின் வேலை குருதியை உறையவைப்பதல்ல, உறைவதைத் தடுப்பது. பிறப்பிலேயே அது குறைவாக உள்ளவர்களுக்குக் காலிலும் நுரையீரலிலும் குருதி கட்டிபடும். சத்திரசிகிச்சை, பிள்ளைப்பேறு நேரங்களில் அவர்களுக்காகவே அந்த மருந்து வந்தது. உங்கள் மகனுக்கு இருப்பது நேர்மாறான குறை. அவனுக்கு எட்டாம் காரணி போதாது. அந்த மருந்தை அவனுக்கு ஏற்றினால் இரத்தக்கசிவு கூடத்தான் செய்யும். அதோடு, அதுவும் குடிக்கிற பால் இல்லை. பாலிலிருந்து பிரித்துச் சுத்திகரித்து நாளத்தில் ஏற்றியது. வாயால் போகிற புரதத்தை வயிறு சமிபாடாக்கிவிடும். உங்கள் வீட்டு ஆடுகளிடம் அந்த மரபணுவும் இல்லை, பாவம்.

இன்னொன்றும் சொல்கிறேன், மாமிக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஹீமோபீலியாவுக்கு 2025 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபிடுசிரான் என்ற ஊசி, அதே அன்டித்ரொம்பினை ஈரல் உண்டாக்குவதைக் குறைக்கிறது! ஒரு தட்டில் பாரம் போதாவிட்டால் மற்றத் தட்டிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தராசை நேராக்குவது போலத்தான். அளவுக்கு மிஞ்சி எடுத்தால் வேண்டாத இடத்தில் குருதி கட்டிபடும் என்பதால், அன்டித்ரொம்பின் அளவைப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள்.

முழங்கால் விஷயத்துக்கு வருவோம். வீக்கம் கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். மூட்டுக்குள் ஏதோ கூசுகிறது, சூடாக இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அப்போதே கிளினிக்கில் சொன்னபடி காரணியைப் போட ஒழுங்கு செய்யுங்கள். எந்த டிஸ்பென்சரிக்குப் போனாலும் தசையில் ஊசி போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அஸ்பிரினும் ஐபுபுரோஃபனும் கூடாது. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் போதும்.

யார் பக்கத்தால் வந்தது என்பதற்கு: எட்டாம் காரணியின் மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் தாய் வழியாக வரலாம், உண்மைதான். ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்ததில்லை. இதில் யாரையும் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

கேள்வி: எட்டாம் காரணியை ஆய்வுகூடத்தில் எப்படிச் செய்கிறார்கள்? – உயர்தர மாணவன், மூதூர்

பதில்: தம்பி, முதலில் அது இல்லாத காலத்தைச் சொல்கிறேன். உறையவைத்த பிளாஸ்மாவைக் குளிரிலேயே மெல்ல உருகவிட்டால் அடியில் கொஞ்சம் படியும். அதில் எட்டாம் காரணி இருப்பதை 1960களில் ஜூடித் பூல் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி கண்டுபிடித்தார். அதைத்தான் நாங்கள் கிரயோ என்போம். யுத்த காலத்தில் கந்தளாய் வீதியால் கிரயோ உள்ள ரெஜிபோம் பெட்டி வந்துசேரும்வரை எங்களுக்கு நெஞ்சு இடிக்கும். மனிதக் குருதியில் இருந்து எடுத்த காரணியால், 1980களில் உலகெங்கும் ஹீமோபீலியாக்காரர் பலருக்கு எச்.ஐ.வி. தொற்றியது.

எட்டாம் காரணியின் மரபணுவை 1984இல் பிரித்தெடுத்தார்கள். அதைச் சீன வெள்ளெலியின் சூலகக் கலங்களில் சேர்த்து, பெரிய தொட்டிகளில் வளர்த்து, அவை சுரக்கும் புரதத்தைச் சுத்திகரித்தார்கள். அந்த மருந்துக்கு 1992இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அப்புறம் இயற்கையில் இல்லாத வடிவங்களே வரத் தொடங்கின. சாதாரண எட்டாம் காரணி உடலில் சுமார் 12 மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். 2023இல் அனுமதி பெற்ற ஒன்று, வேறு புரதத் துண்டுகளை அதனோடு ஒட்டித் திட்டமிட்டுச் செய்தது. வாரத்துக்கு ஒரு ஊசி போதும். எனக்குப் பிடித்தது எமிசிசுமாப். அதில் எட்டாம் காரணியே கிடையாது! ஒன்பதாம், பத்தாம் காரணிகளை இரண்டு கையாலும் பிடித்துச் சேர்த்துவிடுகிற பிறபொருளெதிரி அது. தோலுக்கடியில் போடலாம், நாளம் தேட வேண்டியதில்லை.

கேள்வி: ஒரே ஊசியில் குணமாகுமாம், விலை 35 இலட்சம் டொலராமே? மருமகனுக்கு ஹீமோபீலியா, எந்த வகை என்று தெரியாது. – கிண்ணியா வாசகர்

பதில்: அறிமுகமானபோது சொன்ன விலை அதுதான். 2022 நவம்பரில் அமெரிக்கா அனுமதித்த மருந்து, ஹீமோபீலியா பி வகைக்கு, அதாவது ஒன்பதாம் காரணி குறைவாக உள்ளவர்களுக்கு. ஒன்பதாம் காரணியின் மரபணுவை வைரஸ் ஒன்றின் கூட்டில் வைத்து ஈரலுக்கு அனுப்புகிறார்கள். அதுவும் சாதாரண மரபணு அல்ல. இத்தாலியின் பதுவா நகரில், காலில் குருதி கட்டிபட்ட ஒரு இளைஞனிடம் கண்ட, சுமார் எட்டு மடங்கு வேகமாக வேலை செய்கிற வடிவம். அவனுக்குத் தொல்லை கொடுத்ததை மற்றவர்களுக்கு மருந்தாக்கினார்கள்.

ஏ வகைக்கு நமக்குக் கிட்டிய செய்தி இந்தியாவின் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இருந்து. ஐந்து பேரின் குருத்துக்கலங்களை (குருதிக் கலங்களை உண்டாக்கும் மூலக் கலங்களை) எடுத்து, மனித, பன்றி எட்டாம் காரணிகளை இணைத்து வடிவமைத்த மரபணுவை அவற்றில் சேர்த்துத் திருப்பி ஏற்றியதாக 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். ஐவருக்கும் பிறகு இரத்தக்கசிவு வரவில்லை. ஆனால் அதற்குமுன் கடுமையான மருந்து கொடுத்து எலும்பு மச்சையை ஒடுக்க வேண்டும். இன்னும் பரிசோதனைதான், கடையில் வாங்குகிற நிலை இல்லை.

மருமகனின் கிளினிக் கொப்பியில் ஏயா பியா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். கிரயோவில் ஒன்பதாம் காரணி இல்லை, அதனால் அவசரத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.