கையில் ஒட்டாத வண்ண அரிசி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குழந்தை அளைந்து விளையாடுவதற்காக அரிசிக்குச் சாயம் ஏற்றினேன். நன்றாகக் காயவைத்தும் கையெல்லாம் நிறம் ஒட்டுகிறது, அரிசியும் மாவாக உதிர்கிறது. ஏன்?

பதில்: அரிசியைக் கழுவியிருப்பீர்கள், அல்லது வண்ணத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றியிருப்பீர்கள். இரண்டும் வேண்டாம். தண்ணீர் குடித்த அரிசி மணியில் விரிசல் விழும். மேல்மாவு குழைந்து, காய்ந்ததும் சாயத்தையும் இழுத்துக்கொண்டு உதிரும்.

ஒரு கப் உலர்ந்த அரிசிக்கு ஒரு டீஸ்பூன் வெள்ளை வினிகர் போதும். திரவ ஃபுட் கலர் என்றால் 10 முதல் 15 சொட்டு. ஜெல் என்றால் கால் டீஸ்பூன். எதுவானாலும் முதலில் வினிகரில் கரைத்துவிடுங்கள். ஜெல்லை நேராக அரிசியில் போட்டால் நாலு அரிசிமணி கருத்துப்போகும், மற்றவை வெள்ளையாகவே நிற்கும். வினிகர், சாயம் சீராகப் பரவிப் பிடிக்க உதவுகிறது. அதன் நெடி காய்ந்ததும் பெரும்பாலும் போய்விடும்.

இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு ஓரிரு நிமிடம் குலுக்குங்கள். டப்பா பாதியாவது காலியாக இருக்கட்டும். நிறைந்திருந்தால் அரிசி புரளாது. இடையிடையே வெள்ளை மணி தெரிந்தால் இன்னும் சில சொட்டு வண்ணம் விடலாம், வினிகர் விடாதீர்கள். டப்பாவின் அடியில் ஈரம் தேங்கினால் ஒரு கைப்பிடி அரிசியைச் சேர்த்து மறுபடி குலுக்குங்கள். நிறம் சற்று வெளுக்கும், ஆனால் ஒட்டாது.

பிறகு அகலமான தட்டில் வெள்ளைத் தாள் விரித்து, மணி மேல் மணி ஏறாமல் பரப்புங்கள். செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஏறிவிடும். அவ்வப்போது கிளறிவிட்டால் சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். குவித்து வைத்தால் ராத்திரி முழுக்க விட்டாலும் அடியில் ஈரம் நிற்கும். காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்துத் தெரியாது. ஒரு சிட்டிகை எடுத்து வெள்ளை டிஷ்யூவில் தேயுங்கள். கறை படியாவிட்டால் தயார். இரண்டு நிறங்களைக் கலப்பதும் அதற்குப் பிறகுதான். எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஈரக்கை பட்டால் சாயம் கொஞ்சம் விடத்தான் செய்யும். குழந்தையின் கையைத் துடைத்துவிட்டு உட்காரவையுங்கள்.

கேள்வி: நீலம் போட்டால் பச்சை கலந்தாற்போல் வருகிறது.

பதில்: புழுங்கல் அரிசியாக இருக்கும். அதன் இளமஞ்சள் நீலத்தோடு சேர்ந்து பச்சையாகத் தெரிகிறது. பச்சரிசிக்கு மாறுங்கள்.

கேள்வி: கடை வண்ணத்துக்குப் பதில் மஞ்சள்தூள், பீட்ரூட் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் பளிச்சென்று வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மஞ்சள் வெயிலில் வெளுக்கும், துணியில் பட்டால் லேசில் போகாது. சோப்பு பட்டால் கறை சிவக்கவும் செய்யும். பீட்ரூட் சாற்றில் பெரும்பகுதி தண்ணீர்தான், ஆகவே முதல் பதிலில் சொன்ன வம்பு திரும்ப வரும். சுண்டக் காய்ச்சினால் சூட்டில் நிறம் மங்கிவிடும்.

கேள்வி: காய்ந்த அரிசியை அட்டையில் ஒட்டிப் படம் செய்தால் பக்கத்து நிறத்தில் சாயம் பரவுகிறது.

பதில்: வெள்ளைப் பசையில் தண்ணீர் உண்டு, ஃபுட் கலர் அதில் கரையும். ஒட்டுவதற்கு மட்டும் என்றால் ஒரு கப் அரிசிக்கு ஒரு டேபிள்ஸ்பூன் அக்ரிலிக் பெயின்ட் போட்டுக் குலுக்குங்கள், வினிகர் வேண்டாம். காய்ந்தபின் அது தண்ணீரில் கரையாது. மணிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் விரலால் உதிர்த்துவிடலாம். மெல்லிய தாள் சுருண்டுவிடும், தடித்த அட்டையே எடுங்கள்.

கேள்வி: இரண்டு வயதுக் குழந்தைக்குக் கொடுக்கலாமா? ஃபுட் கலர்தானே?

பதில்: எதையும் வாயில் போடும் வயதில் கொடுக்காதீர்கள். வண்ணம் உண்ணத்தக்கது என்பதால் வேகாத அரிசி உணவாகிவிடாது. தொண்டையில் சிக்கலாம், மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்வதும் உண்டு. மூன்று வயதைத் தாண்டினாலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கேள்வி: எத்தனை நாள் வைத்திருக்கலாம்? வண்டு வருகிறதே!

பதில்: முற்றிலும் காய்ந்ததைக் காற்றுப்புகாத டப்பாவில், வெயில் படாமல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். வண்டின் முட்டை பெரும்பாலும் அரிசியோடேயே வந்துவிடுகிறது. சாயம் ஏற்றுவதற்கு முன் அரிசியை மூடிய டப்பாவில் நான்கு நாள் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், மணிகளில் ஈரம் பூத்துவிடும். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறங்கள். புளித்த வாடை வந்தாலோ, பூஞ்சை தெரிந்தாலோ மொத்தத்தையும் குப்பையில் போடுங்கள். சிங்க்கில் கொட்டினால் ஊறிப் பருத்துக் குழாயை அடைத்துவிடும்.