கீழ்த்தளத்தில் எதையும் தேட வேண்டாம் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே ப்ளேனோவில் பல வருடங்களாக இருக்கிறேன். மர்மக் கதைகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படித்து வருகிறேன். இப்போது நானே ஒரு த்ரில்லர் எழுதி முடித்திருக்கிறேன். வசதியான முதியவர்களுக்கென்று கட்டிய ஒரு சொகுசுக் குடியிருப்பில் கதை நடக்கிறது. கோல்ஃப் மைதானம், பியானோ வாசிக்கும் லாபி, வெள்ளை மேஜைவிரிப்பு போட்ட சாப்பாட்டுக்கூடம். மாதத்துக்கு ஒருவர் இறந்துபோகிறார், யாரும் சந்தேகப்படுவதில்லை. அங்கே வேலைக்குச் சேரும் ஓர் இளைஞன் துருவத் தொடங்குகிறான். கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு மருந்து நிறுவனத்தின் ரகசியச் சோதனைக்கூடம் இருப்பது கடைசியில் தெரிகிறது.

படித்துப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். பாதி வரை கீழே வைக்க முடியவில்லையாம், ரகசியம் உடைந்ததும் புஸ்ஸென்று போய்விட்டதாம். ரகசியத்தை இன்னும் பெரிதாக்கலாமா? எண்பது, தொண்ணூறு வயதுப் பாட்டிகளை மையமாக வைத்தால் த்ரில்லரை யார் படிப்பார்கள் என்றும் ஒருவர் கேட்டார். எனக்குக் குழப்பமாக இருக்கிறது.

அன்புடன்,
எஸ்., ப்ளேனோ

அன்புள்ள எஸ்.,

உங்கள் ரகசியம் ஏற்கெனவே தேவைக்கு மேல் பெரியது. அந்தச் சோதனைக்கூடத்தைத் தூக்கி ஒரு சிறைச்சாலைக்குக் கீழேயோ ராணுவ முகாமுக்குக் கீழேயோ வைத்தாலும் கதை ஒரு வரி மாறாமல் ஓடும். அப்படியென்றால் கோல்ஃப் மைதானத்தையும் பியானோவையும் பாதி நாவல் வரை வாசகருக்கு எதற்காகக் காட்டினீர்கள்? ஓர் இடம் எதை விற்கிறதோ அதற்குள்ளிருந்துதான் அதன் ரகசியம் வர வேண்டும். சொகுசுக் குடியிருப்பு விற்பது நிம்மதியை. பூட்டிய கேட், வரவேற்பறையில் சிரித்த முகம், அம்மா அங்கே பத்திரமாக இருக்கிறாள் என்று பிள்ளைகள் இரவு படுக்கப் போகும் தைரியம். அந்த நிம்மதியே ஒரு கொலைகாரனுக்குத் துணைபோக முடியுமா? முடியும். நீங்கள் இருக்கும் ஊரிலேயே அது நடந்திருக்கிறது. உங்களுக்கும் காதில் விழுந்திருக்கும். ஒரு நாவலாசிரியராக அதை மறுபடி பார்க்கச் சொல்கிறேன்.

2018 மார்ச், ப்ளேனோவில் பிரஸ்டன் பிளேஸ் என்ற முதியோர் குடியிருப்பு. கதவு தட்டும் சத்தம் கேட்டு 91 வயதுப் பெண்மணி ஒருவர் திறக்கிறார். வெளியே நிற்பவன் கைகளில் பச்சை ரப்பர் கையுறை. அவர் கண் அந்தக் கையுறையை விட்டு நகரவில்லை. கதவைத் திறந்திருக்கவே கூடாது, உயிருக்கு ஆபத்து என்று அந்த நொடியே புரிந்துவிட்டதாகப் பின்னால் சாட்சியம் சொன்னார். அவன் உள்ளே புகுந்து தலையணையை முகத்தில் வைத்து அழுத்தினான். தோழி ஒருவர் வந்து பார்த்ததால் அவர் பிழைத்துக்கொண்டார். நகைகள் போயிருந்தன.

மறுநாள் பில்லி செமிர்மிர் என்பவனை அவன் குடியிருந்த அடுக்ககத்தின் அருகே போலீஸ் பிடித்தது. அதற்குச் சற்று முன்னால்தான் ஒரு சிவப்பு நகைப்பெட்டியைக் குப்பைத்தொட்டியில் போட்டிருந்தான். பெட்டிக்குள் இருந்த காகிதங்களில் ஒரு பெயர் கிடைத்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு டாலஸில் ஒரு வீட்டுக்குப் போனார்கள். 81 வயதுப் பெண்மணி படுக்கையறையில் இறந்து கிடந்தார். தலையணையில் அவருடைய உதட்டுச்சாயம் ஒட்டியிருந்தது. இரண்டு டாலர் மதிப்புள்ள நோட்டுகளைச் சேர்த்து வைப்பது அவர் வழக்கம். செமிர்மிரிடமும் அதே வகை நோட்டுகள் இருந்தன.

பழைய மரணங்களை அதன் பிறகுதான் தோண்ட ஆரம்பித்தார்கள். 2016 முதல் சுமார் இரண்டு ஆண்டுகளில் டாலஸ், காலின் கவுன்ட்டிகளில் 22 பெண்களைக் கொன்றதாக அவன்மேல் குற்றப்பத்திரிகை தாக்கலானது. பெரும்பாலோர் இப்படிப்பட்ட குடியிருப்புகளில் தனியாக வாழ்ந்தவர்கள். டாலஸின் டிரடிஷன்-பிரஸ்டன்வுட் என்ற ஒரே வளாகத்தில் மட்டும் பல பேர். அநேகமாக எல்லா மரணங்களும் அதுவரை இயற்கை மரணம் என்றே பதிவாகியிருந்தன. 2021 நவம்பரில் நடந்த முதல் விசாரணையில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 2022-இல் இரண்டு கொலைகளுக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது. 2023 செப்டம்பரில் சிறையில் அவனுடன் அடைக்கப்பட்டிருந்த கைதி அவனைக் கொன்றுவிட்டான்.

இப்போது உங்கள் கீழ்த்தளத்தை யோசித்துப் பாருங்கள். இங்கே கீழ்த்தளமும் இல்லை, சதிக்கூட்டமும் இல்லை. இரண்டு வருடம் இந்தக் கொலைகள் வெளியே வராமல் காப்பாற்றியது ஓர் எண்ணம்: வயதாகிவிட்டது, போய்விட்டார். அந்த எண்ணம் எப்படிக் கைமாறிக் கைமாறிப் போகிறது என்று பாருங்கள், அங்கேதான் உங்கள் நாவல் இருக்கிறது. மகள் வந்து பார்க்கிறாள். அம்மா இறந்து கிடக்கிறாள். எப்போதும் கழற்றாத கல்யாண மோதிரம் விரலில் இல்லை. நகை காணாமல் போனதைப் பல குடும்பங்கள் அப்போதே கவனித்தன, புகாரும் கொடுத்தன. ஆனால் திருட்டு ஒரு கோப்பு, மரணம் இன்னொரு கோப்பு. இரண்டையும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்க வேண்டியவர்களுக்கு அது தோன்றவில்லை. கதவு உடைபடவில்லை, இதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர், வயது தொண்ணூறு. பிரேதப் பரிசோதனை எதற்கு? தலையணையால் மூச்சை அடைத்தால் அந்த வயதில் வெளியே தெரிகிற தடயம் அதிகம் இருக்காது. தகனம் முடிந்துவிட்டால் தேடுவதற்கு உடலும் இல்லை. நம்மூரில் தொண்ணூறைத் தாண்டிப் போனவரைக் கல்யாணச் சாவு என்று மேளம் கொட்டி அனுப்பும்போது யார் விரலைப் பார்க்கிறார்கள்?

இறப்புக்கான காரணம் பின்னாளில் கொலை என்று திருத்தப்பட்டபோது, அதைக்கூடச் சில குடும்பங்களுக்கு யாரும் நேரில் சொல்லவில்லை. மகள்களும் மகன்களும் ஒன்றுசேர்ந்து போராடினார்கள். மரணக் காரணம் திருத்தப்பட்டால் நெருங்கிய உறவினருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2021-இல் டெக்சாஸில் சட்டம் வந்தது. இவ்வளவு எளிய ஒரு மரியாதைக்குச் சட்டம் தேவைப்பட்டிருக்கிறது. உங்கள் நாவலில் ஒரு முழு அத்தியாயம் இதற்குத் தரலாம்.

அடுத்து, அந்தக் கட்டடம் சட்டப்படி என்ன என்று கேளுங்கள். இந்தக் குடியிருப்புகளில் பல, இன்டிபென்டென்ட் லிவிங் என்ற வகையைச் சேர்ந்தவை, அதாவது பிறர் உதவியின்றி வாழ முடிந்த முதியவர்களுக்கானவை. நர்சிங் ஹோமுக்கும் உதவியுடன் வாழும் விடுதிக்கும் டெக்சாஸில் மாநில உரிமம் உண்டு, ஆய்வு உண்டு. இந்த வகைக்கு அது கிடையாது. சட்டத்தின் கண்ணில் அது வாடகை வீடு. பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பணம் கொடுத்ததாக நினைத்தார்கள், நிர்வாகமோ சுவருக்கும் சாப்பாட்டுக்கும் வாடகை வாங்கியது. இத்தனைக்கும் 2016-இல் எட்ஜ்மியர் என்ற இன்னொரு வளாகத்தில் அத்துமீறி நுழைந்ததற்காக இதே ஆள் கைதாகி, கொஞ்சநாள் சிறையில் இருந்துவிட்டு வெளியே வந்திருக்கிறான். அங்கங்கே சிலருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. குடியிருப்பவர்களை எச்சரித்திருக்க வேண்டாமா என்பதுதான் குடும்பங்கள் நிர்வாகங்கள்மீது தொடுத்த வழக்குகளின் அடிப்படைக் கேள்வி. உங்கள் நாவலின் மேனேஜரை வில்லனாக்க வேண்டியதில்லை. இன்னொரு மரணம் என்று சுற்றறிக்கை அனுப்பினால் காலியான வீட்டுக்கு ஆள் வராதே என்று ஒரு சாயங்காலம் கணக்குப் போடுபவராக இருந்தால் போதும். வாசகருக்கு அவர்மேல் வரும் கோபம் உங்கள் மருந்து நிறுவனத்தின்மேல் ஒருநாளும் வராது.

இது டாலஸோடு முடிகிற விஷயமில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே ஹைட் என்ற ஊரில் ஹரால்ட் ஷிப்மன் என்ற குடும்ப டாக்டர் தன் நோயாளிகளுக்கு டயமார்ஃபின் என்ற கடும் வலிநீக்கியை ஊசியில் போட்டுக் கொன்றுகொண்டே இருந்தார். 2000 ஜனவரியில் 15 கொலைகளுக்குத் தண்டனை கிடைத்தது. நீதிபதி ஜேனட் ஸ்மித் நடத்திய விசாரணை, அவர் கொன்றது 215 பேர் என்று 2002-இல் சொன்னது. பெரும்பாலும் வயதான பெண்கள். இறப்புச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதும் அவரேதான். முதலில் சந்தேகப்பட்டவர்கள் யார் தெரியுமா? வயதான பெண்களை வழக்கமாக ஏற்றிப்போன ஒரு டாக்ஸி டிரைவர். திடகாத்திரமாக இருந்த தன் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக இறப்பதைக் கண்டு அவர் ஒரு பட்டியலே வைத்திருந்தார். அடுத்து, சவ அடக்கம் செய்யும் ஒரு குடும்பம். அந்த டாக்டரின் நோயாளிகள் நல்ல உடை உடுத்தி, நாற்காலியில் உட்கார்ந்தபடி, படுக்கையில் விழுந்த அடையாளமே இல்லாமல் இறப்பதை அவர்கள் கவனித்தார்கள். தகனப் படிவங்களில் இரண்டாவது கையெழுத்துப் போட்டுவந்த பக்கத்து கிளினிக்கின் பெண் டாக்டர் ஒருவர், ஷிப்மனின் நோயாளிகள் இறக்கும் எண்ணிக்கை அதிகம் என்று 1998 மார்ச்சில் புகாரே கொடுத்தார். போலீஸ் விசாரித்து, ஒன்றும் இல்லை என்று மூடியது. அதற்குப் பிறகும் ஷிப்மன் கொன்றார். மரண விசாரணை அதிகாரியிடம் போகாத ஒவ்வொரு மரணத்தின் சான்றிதழையும், அதில் கையெழுத்துப் போட்டவர் அல்லாத வேறொரு டாக்டர் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு இங்கிலாந்தில் முழுச் சட்டமாக நடைமுறைக்கு வந்தது 2024 செப்டம்பரில்.

உங்கள் துப்பறியும் இளைஞனைப் பற்றி இதிலிருந்துதான் யோசிக்கச் சொல்கிறேன். அவன் ஏன் இரவில் டார்ச் அடித்துக்கொண்டு பூட்டிய அறைகளைத் திறக்க வேண்டும்? தினமும் பகல் வெளிச்சத்தில் அவன் பார்ப்பதே போதும். யாருடைய காலைச் சாப்பாட்டுத் தட்டு தொடப்படாமல் திரும்புகிறது, யார் வீட்டு வாசலில் செய்தித்தாள் அப்படியே கிடக்கிறது, எந்த வீடு இந்த மாதம் பெயின்ட் அடிக்கப்படுகிறது. இந்த இடங்களில் துடைப்பதும் பரிமாறுவதும் குளிப்பாட்டுவதும் பெரும்பாலும் குறைந்த கூலிக்கு உழைக்கும் பெண்கள், பலர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குத்தான் எல்லாம் கண்ணில் படும். அவர்கள் சொன்னால்தான் யாரும் காது கொடுப்பதில்லை. செமிர்மிர் முதியோர் பராமரிப்பு வேலை செய்தவன், கென்யாவிலிருந்து வந்தவன். அதை வைத்துக்கொண்டு பராமரிப்பாளர்களையெல்லாம் சந்தேகத்துக்குரியவர்களாகக் காட்டும் வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி உங்கள் கதையின் கண்ணாக இருக்கட்டும். இளைஞன் இல்லாமல் போனாலும் நாவலுக்கு நஷ்டமில்லை.

நோக்கம் சிறியதாக இருக்கிறதே, வெறும் நகைக்காகவா என்று உங்கள் நண்பர்கள் அடுத்துக் கேட்பார்கள். ஆமாம், நகைக்காகத்தான். அடகுக்கடையில் ஒரு சங்கிலி, இணையத்தில் விற்ற ஒரு மோதிரம். அறுபது வருடம் ஒருத்தி விரலில் இருந்த மோதிரத்துக்கு உலோக எடைக்கு விலை போடுகிறான். அந்த இடத்தில் வாசகரின் வயிறு கலங்கும். உலகத்தையே ஆட்டிப்படைக்கும் மருந்துக்கு அந்தச் சக்தி கிடையாது.

கொலையே வேண்டாம் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. நெவாடாவில் ஏப்ரல் பார்க்ஸ் என்ற பெண், நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர் என்ற உத்தரவோடு வந்து, தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்ள முடியாதவர்கள் என்று சொல்லி முதியவர்களை அவர்கள் வீட்டிலிருந்தே அழைத்துப் போனார், சொத்துகளைக் கையாடினார். காகிதத்தில் எல்லாம் சட்டப்படி. 2019-இல் 16 முதல் 40 ஆண்டுகள் வரை சிறை. இதற்குத் தனி நாவல் வேண்டும், உங்கள் கதையோடு கலக்காதீர்கள்.

பாட்டிகளை வைத்து எழுதினால் யார் படிப்பார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு வருத்தமாக இருந்தது. 22 பேரின் மரணத்தையும் வெளியே கொண்டுவந்தது யார்? மூச்சை அடைத்தும் சாகாமல், நடந்ததைக் கையுறையின் நிறம் உட்பட நினைவு வைத்திருந்து சொன்ன 91 வயதுப் பெண்மணி. விசாரணை தொடங்கும் முன்பே, 2020-இல் அவர் இறந்துவிட்டார். ஆனால் வாக்குமூலத்தை வீடியோவில் முன்கூட்டியே பதிவு செய்திருந்தார்கள். நீதிமன்றத்தில் ஜூரிகள் முன்னால் அது ஓடியது. இதைவிட எந்த ஹீரோ உங்களுக்குக் கிடைப்பான்? உங்கள் கைப்பிரதியின் சுருக்கத்தில் இறப்பவர்களில் ஒருவருக்குக்கூடப் பெயர் இல்லை என்பதைக் கவனித்தேன். நான்காம் எண் வீட்டுப் பாட்டி, பியானோ பாட்டி என்று போகிறது. அவர்களுக்குப் பெயர் வையுங்கள். யார் கணக்கு டீச்சராக இருந்தார், யாருக்கு எந்தப் பேரனோடு பேச்சுவார்த்தை இல்லை, யார் உதட்டுச்சாயம் போடாமல் கதவைத் திறக்கமாட்டார் என்று எழுதுங்கள். அவர்களை வாசகருக்குத் தெரிந்திருந்தால்தான் ஒவ்வொரு சாவும் உறைக்கும். இல்லையென்றால் வாசகரும், வயதாகிவிட்டது, போய்விட்டார் என்று பக்கத்தைப் புரட்டுவார். அந்த டாக்டர்களும் போலீஸும் செய்ததையே அவரும் செய்வார்.

சோதனைக்கூடம் வரும் அத்தியாயங்கள் அத்தனையையும் எடுத்துவிடுங்கள். மோதிரம் இல்லாததை முதலில் பார்ப்பது யார், அவர் அதை யாரிடம் சொல்கிறார், கேட்டவர் என்ன பதில் சொல்லி அனுப்புகிறார் என்பதை மட்டும் முடிவு செய்துகொண்டு ஓர் அத்தியாயம் எழுதி அனுப்புங்கள். ப்ளேனோ நூலகத்தில் அந்த ஆண்டுகளின் உள்ளூர் செய்தித்தாள்கள் கிடைக்கும், நீதிமன்றச் செய்திகளை வரிவிடாமல் படியுங்கள். கதைக்கு வேண்டிய ஊர், பெயர், கட்டடம் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் வாழ்கின்றன.

அன்புடன்.