உருகாமலே உருமாறும் தங்கம்

கேள்வி: தங்கம் 1064 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்கிறார்கள். அப்படியிருக்க, கண்ணாடியின் மேல் பூசப்பட்ட மிக மெல்லிய தங்கப் படலம் சில நூறு டிகிரி வெப்பத்திலேயே திட்டுத்திட்டாகப் பிரிந்துவிடுவது எப்படி? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அங்கே தங்கம் உருகுவதே இல்லை, திடப்பொருளாக இருந்தபடியே, மேற்பரப்பு அணுக்கள் ஒவ்வொன்றாக இடம் மாறுவதால் வடிவம் மாறுகிறது. கட்டியின் உள்ளே இருக்கும் ஓர் அணுவை 12 அண்டை அணுக்கள் பிடித்து வைத்திருக்கின்றன. மிக நெருக்கமாக அடுக்கப்பட்ட முகப்பில் இருக்கும் அணுவுக்கு அண்டை 9. அந்த முகப்பின் மேல் தனியே உட்கார்ந்திருக்கும் அணுவுக்கோ 3தான். பிடி தளர்ந்த அந்த அணு அலைந்து திரிந்து, அண்டை அதிகம் கிடைக்கும் மூலையொன்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. தங்கத்துக்குக் கண்ணாடியோடு உள்ள பிணைப்பைவிடத் தன்னோடு உள்ள பிணைப்பே வலுவானது என்பதால், படலத்தின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளில் விழும் பள்ளங்கள் ஆழமாகித் துளைகளாகின்றன. துளைகள் விரிய விரிய, மிஞ்சுவது தனித்தனித் தீவுகளே.

தீவுகளும் அப்படியே நிற்பதில்லை. சிறிய தீவின் ஓரத்திலிருந்து அணுக்கள் எளிதில் கழன்று பெரிய தீவைச் சேர்வதால், சிறியது கரையப் பெரியது வளர்கிறது. வெகுநாள் உறைபெட்டியில் கிடந்த ஐஸ்கிரீம் நாக்கில் நறநறவென்று படுவதற்கும் பெரிதும் இதுவே காரணம்: நுண்ணிய பனிப் படிகங்கள் மறைந்து பெரியவை பருத்திருக்கும். வேதியியலாளர் ஆஸ்ட்வால்டின் பெயரால் வழங்கும் இந்த நிகழ்வை, 1981இல் சூரிச் ஐபிஎம் ஆய்வகத்தில் பின்னிக்கும் ரோரரும் உருவாக்கிய, தனி அணுக்களையே காட்டும் ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கியின் வழியே, வெள்ளியின் மேல் ஓரணு உயரமே உள்ள தீவுகளில், அதுவும் அறை வெப்பத்திலேயே, நேரில் பார்க்க முடிகிறது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேகக் கணக்குதான். மேற்பரப்பின் அலைமேடுகள் அணுக்களின் நகர்வால் சமனாக எடுக்கும் நேரம், அலைநீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று இயற்பியலாளர் முல்லின்ஸ் 1959இல் காட்டினார். அளவு பத்தில் ஒரு பங்கானால் நேரம் பத்தாயிரத்தில் ஒரு பங்காகும். ஒரு மைக்ரோமீட்டர் அலை ஓராண்டு தாங்கும் அதே வெப்பத்தில், 100 நானோமீட்டர் அலை ஒரு மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும்.

கார்களின் புகைபோக்கி வழியில், புகையின் நச்சைக் குறைக்கப் பிளாட்டினம் போன்ற உலோகத் துகள்களோடு பொருத்தப்படும் வினையூக்கி மாற்றியில் இது பெரிய தலைவலி. சூட்டில் பிளாட்டினத் துகள்கள் ஒன்றுசேர்ந்து பருத்துவிட்டால், உலோகத்தின் எடை குறையாவிட்டாலும் புகையைத் தொடும் பரப்பு சுருங்கிவிடுகிறது. பிளாட்டினத்தை இறுகப் பற்றும் செரியம் ஆக்சைடை அங்கே சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.