ஒரு பாலாடை பெட்ரோல் – கடிதம்

வணக்கம்.

அரசுப் பேருந்தில் முன்சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் ஓட்டுநரின் காலையே பார்த்துக்கொண்டு வந்ததாக ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நானும் அந்த ரகம்தான். அந்தத் தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய ஆல்டோ ஒன்று வைத்திருக்கிறேன். வாங்கிய நாளிலிருந்து, பெட்ரோல் போடும்போதெல்லாம் கிலோமீட்டர், லிட்டர், ரூபாய் மூன்றையும் நோட்டில் எழுதி வருகிறேன். இப்போது நடப்பது மூன்றாவது நோட்டு. மகன் பெங்களூரில் இருப்பதால் மாதம் ஒருமுறை போய்வருவேன். போகும்போது லிட்டருக்கு 24, 25 கொடுக்கும். திரும்பும்போது ஒரே ஒருமுறை 28.2 கொடுத்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதன்பிறகு அந்த எண்ணைத் தொட முடியவில்லை.

அதற்காக ஏசி போடுவதில்லை. அறுபதைத் தாண்டுவதில்லை. தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் விட்டு இறங்குவேன். போன முறை கூட வந்த மருமகன், "நூறு ரூபா மிச்சம் பிடிக்க உயிரை விடணுமா மாமா?" என்று கத்திவிட்டார். என் மனைவி இப்போதெல்லாம் பஸ்ஸில்தான் வருகிறாள். பேரன் வைத்திருக்கும் பெயர் 'கஞ்ச தாத்தா'. பணத்துக்காக இல்லை என்றால் யாரும் நம்புவதில்லை. இது கஞ்சத்தனமா, கிறுக்கா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். கொஞ்ச காலமாக எவ்வளவு பார்த்து ஓட்டினாலும் மைலேஜ் குறைகிறது. வயதாகிவிட்டது வண்டிக்கா, என் காலுக்கா?

எஸ்.,
சேலம்

அன்புள்ள எஸ்.,

கிறுக்குதான். கஞ்சத்தனம் இல்லை என்பதற்குக் கணக்கே சாட்சி. போகவர 400 கிலோமீட்டர். லிட்டருக்கு 22 வந்தால் 18 லிட்டர், 25 வந்தால் 16 லிட்டர். மாதம் 200 ரூபாய் சொச்சத்துக்காக எந்தக் கஞ்சனும் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு கிருஷ்ணகிரி வெயிலில் வேக மாட்டான். நிஜக் கஞ்சன் பஸ்ஸில் போயிருப்பான். உங்கள் குடும்பத்தில் அதை இப்போது வேறொருவர்தான் செய்கிறார்.

இந்தக் கிறுக்குக்குப் பரம்பரையும் இருக்கிறது. 1939-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில், ஷெல் நிறுவன ஆய்வகத்து ஆட்கள் ஒரு கேலனில் யார் அதிக தூரம் ஓட்டுவது என்று தங்களுக்குள் பந்தயம் கட்டினார்கள். ஜெயித்தவர் ஓட்டியது ஏறக்குறைய 50 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 21. உங்கள் ஆல்டோ அவரைச் சாதாரணமாகத் தோற்கடித்துவிடும். கச்சா எண்ணெய் விலை பீப்பாய்க்கு 147 டாலர் வரை ஏறிய 2008-இல் அங்கே இது ஓர் இயக்கம் மாதிரியே பரவியது. 'ஹைப்பர்மைலிங்' என்று பெயர். அவர்களில் சிலர் லாரியின் வாலைப் பிடித்தாற்போல் ஒட்டிப் போய், அது கிழித்துவிட்ட காற்றில் ஓசியில் ஓட்டினார்கள். அதையெல்லாம் நீங்கள் செய்வதாக எழுதவில்லை. செய்துவிட்டு எழுதாமல் விட்டிருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

நீங்கள் குறிப்பிட்ட அந்தப் பேருந்து ஓட்டுநரிடமிருந்துதான் நான் இதில் கொஞ்சமாவது கற்றுக்கொண்டேன். கட்டுரையில் இடமில்லாததால் விட்டுப்போன விஷயம் அது. நிறுத்தம் கண்ணில் படுவதற்கு முன்பே அவர் கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழுந்துவிடும். பேருந்து தன் வேகத்திலேயே உருண்டு போய், நிழற்குடைக்குப் பத்தடி முன்னால் லேசாகப் பிரேக் வாங்கி நிற்கும். "பிரேக்கே போட மாட்டேங்கிறீங்களே" என்றேன். "கே.எம்.பி.எல். வேணும்ல சார்" என்றார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். டிப்போவில் ஓட்டுநர்வாரியாக அந்தக் கணக்கு இருக்கும். லிட்டருக்கு ஐந்து சொச்சம் ஓடுகிற வண்டியில் புள்ளி ஒன்று கூடினாலும் பெரிய விஷயம்.

மைலேஜ் ஆக்சிலரேட்டரில் இருப்பதாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். அவர் அதைப் பிரேக்கில் தேடினார். உங்கள் ஆல்டோ ஆட்களோடு சேர்ந்து ஆயிரம் கிலோ என்று வையுங்கள். அறுபதில் போகும் அந்த எடையைப் பிரேக் போட்டு நிறுத்தி, மறுபடி அறுபதுக்குக் கொண்டுவர 15, 20 மில்லி பெட்ரோல் வேண்டும். குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் ஒன்று. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு பாலாடை பெட்ரோலைச் சூடாக்கிச் சக்கரத்தின் மேல் ஊற்றுகிறோம். இது மண்டையில் ஏறிய பிறகு சிக்னல் எல்லாம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. முன்னூறு மீட்டர் தள்ளி சிவப்பு விழுந்தால் காலை எடுத்துவிடுகிறேன். பின்னால் வருபவர் ஹாரன் அடித்துவிட்டு என்னைத் தாண்டிப் போய், அதே சிவப்பில் நிற்கிறார். நான் உருண்டு போய்ச் சேரும்போது பச்சை விழுந்திருந்தால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷம். உங்களுக்குத் தூக்கம் வராத இரவு என்னவென்று எனக்குத் தெரியும்.

அறுபது சரியான வேகம். நூறில் போனால் காற்று பிடித்து இழுப்பது அறுபதைப் போல ஏறத்தாழ 2.8 மடங்கு. இடதுபக்கத் தடத்தில் போகிறவரை யாருக்கும் தொந்தரவில்லை.

இனி தொப்பூர். இதில் நான் மருமகன் கட்சி.

நியூட்ரலில் இறங்குவது கார்புரேட்டர் காலத்துச் சொத்து. அம்பாசிடரில் கியரில் இறங்கினாலும் இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும், அதனால் நியூட்ரல் லாபம் என்பதில் அன்றைக்கு அர்த்தம் இருந்தது. உங்கள் வண்டியில் இருப்பது, கம்ப்யூட்டர் சொல்கிற அளவுக்கு மட்டும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இன்ஜின் ஓரளவு சுற்றிக்கொண்டிருக்கும் வரை பெட்ரோல் சுத்தமாக நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கத் தன் பங்குக்கு, மணிக்கு அரை லிட்டர் கணக்கில், குடித்துக்கொண்டே இருக்கும். ஆக, மருமகனைக் கத்தவைத்து நீங்கள் மிச்சம் பிடித்தது நூறு ரூபாய் இல்லை. ஒன்றுமே இல்லை. செலவுதான்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, நீங்களே எழுதிவிடுவீர்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். லேசான சரிவில், தட்டையான சாலையில், கியர் வண்டியைப் பிடித்து இழுக்கும், நியூட்ரல் அதிக தூரம் உருட்டும். உண்மை. ஆனால் தொப்பூர் லேசான சரிவு இல்லை. அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வேலை. அந்த வேலையை மூன்றாவது கியர் இலவசமாகச் செய்யும். நியூட்ரலில் மொத்தமும் பிரேக் தலையில் விழும்.

தொப்பூரில் லாரிகள் கவிழ்வதும், முன்னால் நிற்கும் நாலைந்து வண்டிகளை நசுக்கிக்கொண்டு போவதும் உங்களுக்குத் தினசரியில் படித்துப் பழகிய செய்தி. டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்குவதை அதற்கு ஒரு காரணமாகப் போலீஸ் திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. இன்ஜினையே அணைத்துவிட்டால் லாரியின் பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரஸரும் நின்றுவிடும். காரில் அணைத்தால் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் பெடல் கல்லாகிவிடும்.

நானும் யோக்கியன் இல்லை. ஏற்காட்டிலிருந்து ஒருமுறை நியூட்ரலில் இறங்கியிருக்கிறேன். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதி தாண்டியதும் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போவது தெரிந்தது. இன்னும் ரெண்டு வளைவுதானே, இன்னும் ரெண்டு வளைவுதானே என்று அடிவாரம் வரை வந்துவிட்டேன். இறங்கி நின்றால் முன்சக்கரத்திலிருந்து கருகல் நாற்றம். பக்கத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த அம்மா, கூடையைத் தூக்கிக்கொண்டு நாலடி தள்ளிப்போய் உட்கார்ந்தார். அன்றைக்கு என்ன மைலேஜ் வந்தது என்று நான் கணக்குப் போடவில்லை.

28.2 பற்றி. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், சேலம் 280 சுமார். திரும்பும்போது ஆயிரம் கிலோவை 600 மீட்டருக்கு மேல் கீழே இறக்குகிறீர்கள். பிரேக்கில் வீணாக்காமல் இறக்கினால் அது கிட்டத்தட்ட முக்கால் லிட்டர் பெட்ரோலின் வேலை. எட்டு லிட்டர் ஆகிற பயணத்தில் முக்கால் லிட்டரை மலை கொடுத்துவிடுகிறது. போதாததற்கு, டேங்க் நிரம்பியதும் பங்க்கில் பம்ப் தானாக நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். அன்று கால் லிட்டர் குறைவாக ஏறியிருந்தாலே, 28.2 என்பது நிஜத்தில் 27.2 ஆகிவிடும். உங்கள் சந்தோஷத்தைக் கெடுக்கச் சொல்லவில்லை. போகவர இரண்டையும் சேர்த்துப் போட்டு, நாலைந்து மாத சராசரியைப் பாருங்கள். அதுதான் உங்கள் கால்.

அந்தக் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அப்படியென்றால் கலந்த ஒரு லிட்டரில் 6, 7 சதவீதம் குறையும். 25 என்பது 23.5 ஆவதற்கு இது போதும். நோட்டில் ஒரு கோடு போட்டு, அதற்குக் கீழே புதிதாக ஆரம்பியுங்கள். பழைய எண்ணோடு இனி ஒப்பிட வேண்டாம், அது வேறு பெட்ரோல்.

அப்புறம் ஏசி. சின்ன இன்ஜினில் அது லிட்டருக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டரைத் தின்னும், மறுக்கவில்லை. தனியாகப் போகும்போது நீங்கள் எப்படி வேண்டுமானாலும் வேகலாம். வீட்டில் அவர்கள் வரும் பயணங்களுக்கு நோட்டின் கடைசியிலிருந்து தனிப் பக்கம் தொடங்கி, ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு, அதில் எவ்வளவு எடுக்க முடிகிறது என்று பாருங்கள். அது இதைவிடக் கஷ்டமான ஆட்டம். 22 வந்தால் எனக்கு எழுதுங்கள். தொப்பூரை மூன்றாவது கியரில் இறங்கியதையும் சேர்த்து.