புகை வாடை பிடிக்காதவருக்கு எந்த விஸ்கி?

நண்பர் பரிசாகக் கொடுத்த ஐலா தீவு விஸ்கி டிஞ்சர் மாதிரி வாடை அடிக்கிறது, விஸ்கியே நமக்கு ஒத்துவராதோ என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். அந்த ஸ்காட்லாந்துத் தீவில் பீட் என்ற சதுப்பு மண்ணை எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியைக் காயவைப்பார்கள். வாடை அங்கிருந்துதான் வருகிறது. முதல் விஸ்கியாக அதைக் கொடுத்தது, காரமே சாப்பிடாதவருக்கு ஆந்திரா ஊறுகாய் பரிமாறிய கதை.

மாதம் இரண்டு பெக் குடிப்பவருக்கு நான் சொல்வது ஜேம்சன். அயர்லாந்துச் சரக்கு, மூன்று முறை வடித்தது, தொண்டையை அறுக்காது. இனிப்பு பிடிக்குமென்றால் ஜிம் பீம் மாதிரி ஒரு பர்பன், அதாவது அமெரிக்க மக்காச்சோள விஸ்கி. உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாயில் ஊறுவதால் வெனிலா வாசம் தூக்கலாக இருக்கும்.

பாட்டிலில் 12, 18 என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே கலந்திருப்பதில் மிக இளைய விஸ்கி பீப்பாயில் கிடந்த வருடக் கணக்கு, அவ்வளவுதான். 50 மில்லி குட்டி பாட்டில் கிடைத்தால் முதலில் அதை வாங்குங்கள். நான் எடுத்த எடுப்பில் முழு பாட்டில் வாங்கி, இரண்டு வருடம் அலமாரியில் தூசி தட்டினேன்!

முதல் மடக்கு அப்படியே. அடுத்தது ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டு. எரிச்சல் அடங்கி வாசம் மேலே வரும். சோடா கலந்தாலும் குற்றமில்லை.

அப்புறம், அந்தப் பரிசு பாட்டிலைக் கொட்டிவிடாதீர்கள். மூடி இறுக்கமாக இருந்தால் மாதக்கணக்கில் கெடாது. ஜேம்சன் கிளாஸில் அதில் அரை ஸ்பூன் விட்டுப் பாருங்கள், லேசான புகை நன்றாகவே இருக்கும்.